மட்டக்களப்பில் இருந்துகொண்டே மட்டக்களப்பைச் சுற்றிப்பார்ப்பது எப்படி?

கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள் கல்லடிப் பாலத்தில் நின்று ஆசை தீரப் படம் எடுக்கிறார்கள். நாம் அவர்களை விலத்திக்கொண்டு வேலைக்குப் போகிறோம். ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெருவெல்லாம் அத்துப்படிதான். ஆனால் விடிகாலையில் வாவி எப்படி இருக்கும், நிலவு நேரத்தில் பாலத்தடியில் என்ன கேட்கும் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அதனால் சொந்த ஊரைச் சுற்றிப்பார்க்க நினைப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். இடம் தானாக அமையும்.

1. நாள் குறித்தல்

போயா லீவோடு ஒட்டி வரும் வார இறுதியைப் பாருங்கள். பௌர்ணமியும் கிடைக்கும், விடுமுறையும் கிடைக்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நல்லது. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மழையும் வெள்ளமும் திட்டத்தைக் கெடுத்துவிடும். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதிய வெயில் ஆளை வாட்டும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எதையும் வைக்காதீர்கள். சாப்பிட்டுப் படுத்து எழும்புங்கள்.

2. வீட்டு வேலைக்கும் லீவு

இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் இருந்தபடி விடுமுறை என்றால் சமைக்கிறவருக்கு மட்டும் விடுமுறை இல்லாமல் போகிறது. அது நியாயமே இல்லை. காசு இருந்தால் ஒரு இரவு வெளியே தங்குங்கள்: டவுன் பக்கம் வீடு என்றால் கல்லடியில், கல்லடியில் வீடு என்றால் டவுனில். வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை, இந்த இரண்டு நாளும் சாப்பாடு கடையில் என்று முடிவு செய்துவிடுங்கள். காலையில் பிட்டும் சொதியும், பின்னேரம் பிளேன்ரீயும் வடையும் போதும். மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு சைக்கிளை எடுங்கள்.

3. புளியந்தீவு: நடந்து பார்க்க வேண்டியது

புளியந்தீவு என்பது வாவிக்குள் இருக்கும் நம் பழைய டவுன்தான். காலை ஆறு மணிக்கு காந்தி பூங்காவில் தொடங்குங்கள். பக்கத்தில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் பழைய வாயிலை எத்தனை தரம் கடந்திருப்பீர்கள்! 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி வந்திறங்கியது இந்த ஊருக்குத்தான். மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த வருடத்திலிருந்து தன் வயதை எண்ணுகிறது.

அங்கிருந்து கோட்டைக்கு நடை தூரம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்து வருடம் கழித்து, 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். நம்மில் பலருக்கு அது கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, படிவம் நிரப்பப் போன இடமாகத்தான் நினைவில் இருக்கும். இந்த முறை கையில் படிவம் இல்லாமல் போங்கள். காவலில் இருப்பவரிடம் கேட்டு மதில் மேல் ஏறி, ஒரு சுற்று வாருங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. பீரங்கி ஒன்றின் பின்னால் நின்று அதன் வாய் நோக்கும் திசையைப் பாருங்கள்: தண்ணீர். அந்தக் காலத்தில் பெருந்தெரு வாவிதான். வணிகனும் எதிரியும் அந்த வழியால்தான் வந்தார்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்த சங்கதி அந்த மதிலில் நிற்கும்போது சட்டென்று விளங்கும்.

4. கல்லடி

பழைய இரும்புப் பாலம் 1924இல் வந்தது, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில். 2013இல் திறந்த புதிய பாலம் அதன் பக்கத்திலேயே. அக்கரை போய்ச் சேர்ந்ததும் சுவாமி விபுலானந்தரின் சமாதிக்குப் போங்கள். காரைதீவில் 1892இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், தன் சிவானந்த வித்தியாலய வளவில் துயில்கிறார். அப்புறம் டச்பார் கடற்கரை. போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இடம் அது. 2004 சுனாமி மிகக் கடுமையாக அடித்த கரைகளில் அதுவும் ஒன்று என்பதை மனதில் வைத்து, அமைதியாக நடந்து வாருங்கள்.

5. படுவான்கரைக்கு ஒரு அரை நாள்

வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை; மேற்கே இருப்பது படுவான்கரை. எழுவான்கரைக்காரர் பலர் கோயில் திருவிழாவுக்கு மட்டும்தான் அக்கரை போவார்கள். சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். காத்தான்குடியின் பேரீச்சை மரங்கள் நிற்கும் பெருந்தெருவால் போய், ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்துக்குத் திரும்புங்கள். 2014இல் பாலம் வரும் வரை இங்கே பாதை என்ற மிதவைப் படகில்தான் ஏறிக் கடக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்த கதைகள் பெரியவர்களிடம் நிறைய உண்டு. போகும்போது அம்மாவையோ மாமாவையோ கூட்டிப்போனால் அந்தக் கதைகள் வழியிலேயே கிடைக்கும். அக்கரையில் வயலும் மாடும்தான். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, புல் தின்று எழுந்து போர்த்துக்கேயரை விரட்டியதாகச் சொல்லப்படும் கல் நந்தியையும் பார்த்து, திரும்பும் வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்குங்கள். வைகாசியில் போனால் கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கும். அதற்கு ஒரு இரவு ஒதுக்கலாம்.

6. பாடும் மீன்

வாவிக்குள் மீன் பாடுகிறது என்பது ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்ட சங்கதி. ஆனால் ஊரில் கேட்டவர்கள் மிகக் கொஞ்சம். பாலத்தின் மேல் நின்றால் வாகனச் சத்தம்தான் கேட்கும். தோணிக்காரர் ஒருவரிடம் பகலிலேயே பேசி, காசையும் பேசி முடித்து, மிதவை அங்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு, காற்று அடங்கிய பின் போங்கள்.

பாலத்தடியில் வந்ததும் பழகிய தோணிக்காரர் துடுப்பை நிறுத்திவிடுவார். "கொஞ்சம் பேசாம இரு மனே. மறுகா கேளு" என்பார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையைக் காதில் வைத்து அழுத்துங்கள். முதலில் தோணியில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் வரும். கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திருங்கள். கேட்டால், தந்தியைத் தொட்டு விட்ட மாதிரி ஒரு மெல்லிய அதிர்வு வரும், மறையும், திரும்ப வரும்.

1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இப்படித்தான் இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்தார். அவரைக் கூட்டிப்போன மீனவர்கள் அதை ஊரி என்ற நத்தையின் சத்தம் என்று சொல்லி, ஊரியையும் எடுத்துக் காட்டினார்கள். மீனா ஊரியா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. எல்லா இரவும் கேட்காது. கேட்காவிட்டாலும் நிலவில் வாவியைத் தோணியிலிருந்து பார்த்தது வீண்போகாது.

7. முகத்துவாரம்

மிச்சமிருக்கும் காலையை இதற்குக் கொடுங்கள். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. பக்கத்தில் வாவி கடலோடு சேரும் வாய். வறண்ட காலத்தில் மணல் மூடிக்கொள்ளும். மழைக் காலத்தில் வெள்ளம் வயலில் ஏறாமல் இருக்க அதை வெட்டித் திறந்துவிடுவார்கள். அந்த மணல் திட்டில் நின்று பார்த்தால் படுவான்கரை வயலுக்கும் இந்தக் கடலுக்கும் உள்ள தொடர்பு தெரியும். இங்கே குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. கரையில் மீன் வந்திருந்தால் கடல் மீன் எது, வாவி மீன் எது என்று விற்பவரிடமே கேளுங்கள். திரளி, ஓரா, இறால், நண்டு என்று வகைவகையாகச் சொல்லித் தருவார்கள்.

பாசிக்குடாவை நான் இதில் சேர்க்கவில்லை. அது வாழைச்சேனைப் பக்கம், ஒரு முழு நாளைத் தின்றுவிடும். அடுத்த போயாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.