அரசியல் த்ரில்லரை எடைபோடுவது எப்படி? ‘கோ’வை வைத்து ஒரு பயிற்சி

அரசியல் த்ரில்லரின் நிறைகுறைகளை அலசப் பழக நினைப்பவர்களுக்கு நான் கே.வி. ஆனந்தின் ‘கோ’வைத்தான் (2011) சொல்வேன். முடிவையும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கதையோடு போங்கள். அடுத்த தடவை, தேர்தலில் நிற்கும் இளைஞர் கட்சியின் தலைவனாக அஜ்மல் நடித்த வசந்தனை மட்டும் கவனியுங்கள். பொதுக்கூட்டத்தில் குண்டு வெடித்ததும் ‘இதனால் யாருக்கு லாபம்?’ என்று கேளுங்கள். அனுதாப அலை வசந்தன் பக்கம்தான் வீசுகிறது. வெடிப்புக்குப் பின்னால் இருப்பதும் அவன்தான்; துப்பு கண்ணெதிரே இருந்தும் நாம் அவனைச் சந்தேகிக்கவில்லை. திரைக்கதையின் பெரிய பலம் இதுதான்.

அப்புறம், தொழிலைக் காட்டும் விதம். ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர். வங்கிக் கொள்ளையர்களை, பத்திரிகைப் புகைப்படக்காரன் அஸ்வினாக நடித்த ஜீவா பைக்கில் துரத்திக்கொண்டே படமெடுக்கும் ஆரம்பக் காட்சியில் அந்த அனுபவம் தெரிகிறது.

பாடல்களைச் சோதிக்க எளிய வழி: தாண்டிவிட்டுப் பாருங்கள். வெளிநாட்டு மலைகளில் எடுத்த டூயட்டைத் தாண்டினால் கதையில் ஒன்றும் குறையாது. அந்த இடத்தில் விறுவிறுப்பு அறுந்துபோகிறது.

முடிவுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வசந்தன் இறந்தபின் அஸ்வின் உண்மையை மறைத்து அவனைத் தியாகியாக்குகிறான். புதிய ஆட்சியில் இருக்கும் நல்ல இளைஞர்களுக்காக என்பது அவன் நியாயம். சரி, ஆனால் அவனோடு பத்திரிகையில் வேலைபார்த்த சரோவின் சாவுக்கு யார் பதில் சொல்வது? வாசகர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா? படம் இதைக் கேட்காமல் அவனை நாயகனாகவே அனுப்பிவைக்கிறது. என் கணக்கில் படத்தின் பெரிய பலவீனம் அதுதான்.