கியூபா சுருட்டுப் பெட்டியை விற்கும் முன்

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் தொழிற்சாலைக் குறியீடும், அடைத்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். வாங்குபவர் முதலில் கேட்பது இந்தப் படத்தைத்தான். எழுத்து தெரியும்படி எடுங்கள். மூடி கண்ணாடியாக இருந்தால் அநேகமாகப் போலிதான், விற்கவே விற்காதீர்கள்.

மேலே ஒட்டிய முத்திரைச் சீட்டு கிழியாத பெட்டியைப் பிரிக்க வேண்டாம், உதிரிக்கு விலை குறையும். ஏற்கெனவே பிரித்திருந்தால் ஒவ்வொன்றையும் மெல்ல உருட்டிப் பாருங்கள். குண்டூசித் தலையளவு ஓட்டையும் கீழே பொடியும் தெரிந்தால் புகையிலை வண்டு புகுந்துவிட்டது. அந்தச் சுருட்டை உடனே தனியே எடுத்துவிடுங்கள். காய்ந்து, மேலே சுற்றிய இலை வெடித்த சுருட்டு தேறாது. விற்கும்வரை 65–70% ஈரப்பதம் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் உலர்ந்துபோகும்.

ஈபேயிலும் பேஸ்புக்கிலும் சுருட்டு விற்க அனுமதியில்லை. பிரிட்டனில் இருப்பவருக்குச் சுருட்டு ஏல நிறுவனமே நல்ல வழி. கமிஷன், குறைந்தபட்ச விலை, தபால் செலவு மூன்றையும் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.