எல்.இ.டி. வெளிச்சத்தில் பாட்டு அனுப்பலாம், வாங்க

வெளிச்சத்தின் வழியே தகவல் அனுப்புவதற்கு லை-ஃபை என்று பெயர். இந்தப் பெயரை 2011-இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரால்ட் ஹாஸ் பிரபலமாக்கினார். ஆனால் வெளிச்சத்தில் குரலை ஏற்றி அனுப்பும் வேலையைக் கிரஹாம் பெல் 1880-லேயே செய்துவிட்டார். அவர் அனுப்பியது 213 மீட்டர். நமக்கு ஒரு மேசை போதும்.

வாங்க வேண்டியவை: 5 மி.மீ. வெள்ளை எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம் ரெசிஸ்டர், 100 மற்றும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று, சின்ன சோலார் பேனல், ஆக்ஸ் (இயர்போன் மாதிரியான பின்னைச் செருகும் துளை) உள்ள ஸ்பீக்கர், வெட்டிக்கொள்ள இரண்டு ஆக்ஸ் கேபிள். பழைய இயர்போன் வயரையும் வெட்டலாம்தான். ஆனால் அதன் கம்பிகளில் மெல்லிய வார்னிஷ் பூசியிருக்கும், அதைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது.

முதலில் ரிசீவர், அதாவது வெளிச்சத்தை வாங்கும் பக்கம். பலரும் எல்.இ.டி.யில் ஆரம்பித்து, சத்தம் வராதபோது தப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் திண்டாடுவார்கள். ரிசீவரைத் தனியாகவே சோதிக்கலாம். பேனலின் பிளஸ்ஸை 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் பிளஸ் காலில் இணையுங்கள். அதன் மறுகால் ஆக்ஸ் பின்னின் நுனிக்கு, பேனலின் மைனஸ் பின்னின் அடிப்பகுதிக்கு. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, டிவி ரிமோட்டைப் பேனலுக்கு நேராக அழுத்துங்கள். ‘டர்ர்ர்’ என்று கேட்டால் ரிசீவர் சரி.

அப்புறம் மொபைல் டார்ச்சை அடியுங்கள். வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலும் சத்தம் இருக்காது. டார்ச்சுக்கு முன்னால் ஒரு சீப்பை வேகமாக இழுங்கள், ‘ப்ர்ர்’ என்று கேட்கும். மாறாத வெளிச்சத்தில் செய்தி இல்லை. அது கூடிக் குறைவதில்தான் இருக்கிறது.

இனி டிரான்ஸ்மிட்டர், அதாவது அனுப்பும் பக்கம். பேட்டரி பிளஸ், ரெசிஸ்டர், எல்.இ.டி.யின் நீளமான கால். குட்டைக் கால் பேட்டரி மைனஸுக்கு. எல்.இ.டி. எரிய வேண்டும். இப்போது 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸை அந்த நீளக் காலிலேயே வையுங்கள். மறுகால் மொபைலில் செருகும் பின்னின் நுனிக்கு, பின்னின் அடிப்பகுதி பேட்டரி மைனஸுக்கு.

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், மொபைலின் பாட்டுச் சிக்னலுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால் பேட்டரி அதை எரியவைத்துக்கொண்டே இருக்கிறது. பாட்டு அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நடுக்கத்தைப் பேனல் மின்சாரமாக்குகிறது. கெப்பாசிட்டர், பேட்டரியின் மின்சாரம் மொபைலுக்குள் போகாமல் தடுக்கிறது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எல்.இ.டி.யைப் பேனலுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். இடையில் கையை வைத்தால் பாட்டு நின்றுவிடும். கரகரத்தால் மொபைல் வால்யூமைக் குறையுங்கள்; எல்.இ.டி. இடையிடையே முழுக்க அணைவதால் ஒலி வெட்டுப்படுகிறது. ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் அறை விளக்கிலிருந்து வருவது: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை துடிக்கும். அணைத்துவிடுங்கள். நடுவே ஒரு பூதக்கண்ணாடி வைத்தால் தூரமும் கூடும்.

பாட்டுக்குப் பதில் எழுத்து அனுப்ப ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன போர்டு) வேண்டும்: எரிந்தால் 1, அணைந்தால் 0. இப்படி ஒரு 1 அல்லது 0 ஒரு பிட். எழுத்துகளைப் பிட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ ஒன்றுக்கே 24 பிட். பிட்டுக்கு 20 மில்லி நொடி என்றால் அரை நொடி ஆகிவிடும். வேகம் கூட்டப் போனால் சோலார் பேனல் ஈடுகொடுக்காது, வெளிச்ச மாற்றத்தை வேகமாக உணரும் போட்டோடயோடுக்கு மாறுங்கள்.