அனிமேஷன் முடித்த பிள்ளைகளே, தாராசுரம் போய் வாருங்கள்

அனிமேஷன் படித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே வெப்காமிக் (இணையத்தில் வரும் படக்கதை) வரையும் தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ஸ்கெட்ச் நோட்டோடு ஒரு நாள் காலையில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போங்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. ஒரு முழு வாழ்க்கையில் எந்த நொடியைச் சிற்பி எடுத்திருக்கிறார், கை எந்தப் பக்கம் நீள்கிறது, எங்கே வெற்றிடம் விட்டிருக்கிறார் என்று பார்த்துப் பென்சிலில் வரையுங்கள். காமிக் கட்டம் பிரிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் அதே முறையில் உங்கள் கதை ஒன்று: குறுவை நடவு, டவுன் பஸ், எதுவானாலும் சரி. மொபைலில் தள்ளிப் படிக்க 800 பிக்சல் அகலம் போதும். 1600இல் வரைந்து பாதியாகச் சுருக்கினால் கோடுகள் தெளிவாக இருக்கும். கிரிட்டா மென்பொருள் இலவசம், அனிமேஷனும் அதிலேயே செய்யலாம்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வேலைக்கு அனுப்பும் மாதிரித் தொகுப்புக்கு, நீளமான அனிமேஷன் வேண்டாம்; 10 நொடி போதும். நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் சட்டங்கள்). ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 10 நொடிக்கு 120 படங்கள். அதை நன்றாகச் செய்து, பென்சில் வரைவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் யோசிக்கும் விதம் அதில்தான் தெரியும்.