பூ சரி, இலை எங்கே?

செடி, பறவை பார்க்கப் போகும் எங்கள் காலை நடையில் புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பழைய என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. அதே அவசரம், அதே தப்பு. சத்தம் போடக் கூடாது, குப்பை போடக் கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் இதைப் படிக்கவும் போவதில்லை.

பூவை மட்டும் படமெடுப்பது

போன வாரம் ஒரு தம்பி கைபேசியை நீட்டி, "அக்கா, இது என்ன பூ?" என்றார். மஞ்சள் பூ, ஐந்து இதழ். படம் அவ்வளவு துல்லியம். இதழின் நரம்பைக்கூட எண்ணலாம்.

"இலையை எடுத்தீங்களா?" இல்லை.

"செடி எவ்வளவு உயரம்?" யோசித்தார்.

"காய் இருந்ததா?" சிரித்தார்.

அடுத்தடுத்துத் தள்ளிக் காட்டினார். பதினேழு படங்கள், பதினேழும் அதே பூவின் முகம்.

எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. முதல் மூன்று வருடம் நான் எடுத்த படங்களும் இதே லட்சணம்தான்.

ஆவாரை, தகரை, பேயாவிரை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சென்னா என்ற ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவுச் செடிகள். பூவை மட்டும் நெருங்கி எடுத்தால் எது எது என்று பிரிப்பது பெரும்பாடு. இலைக்கு வந்துவிட்டால் குழப்பமே இல்லை. மூன்றுக்கும் கூட்டிலை, அதாவது ஒரே காம்பில் பல சிற்றிலைகள். தகரையில் 3 ஜோடிச் சிற்றிலைதான், நுனி அகன்று உருண்டிருக்கும். பேயாவிரையில் 4, 5 ஜோடி இருக்கும், நுனி கூராக முடியும். ஆவாரையில் 8 முதல் 12 ஜோடி. அதோடு, ஆவாரையின் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள்: காதுமடல் மாதிரி அகன்ற ஒரு சின்ன இலை ஒட்டிக்கொண்டிருக்கும். இலையடிச் செதில் என்பார்கள். காயும் காட்டிக்கொடுக்கும், ஆவாரங்காய் தட்டையாக, தாள் போல இருக்கும், தகரைக் காய் ஒல்லியாக நீண்டு வளையும்.

செடியின் பெயர் சொல்லும் ஆப் இருக்கிறதே என்பீர்கள். நீங்கள் காட்டாத இலையை அது எங்கே போய்ப் பார்க்கும்? ஆனாலும் ஏதோ ஒரு பெயரைத் தயங்காமல் சொல்லிவிடும். அதை அப்படியே பதிவேற்றிவிடுகிறோம்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. ஒரு குளக்கரையில், நகத்தளவு ஊதாப் பூ. அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, பூவை மூன்று படம் எடுத்தேன். இலையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். எட்டு நாள் கழித்துப் போனால் கரையை இயந்திரம் வழித்துப் போட்டிருந்தது. அடுத்த மழைக்குப் போனேன், அதற்கடுத்த மழைக்கும் போனேன். அங்கே முளைத்தது பார்த்தீனியம். அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. கோப்பின் பெயர் "ஊதா தெரியவில்லை".

இப்போதெல்லாம் பூவின் முகத்தைக் கடைசியில்தான் எடுக்கிறேன். முதலில் செடி முழுவதும், அது நிற்கும் இடத்தோடு. அப்புறம் இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் சேரும் கணு. பிறகு பூவின் முதுகு, காய் இருந்தால் காய். ஏதாவது ஒன்றில் என் விரல் பக்கத்தில் இருக்கும், அளவு தெரிய. தாளிப் பூவாக இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றுவேன்; வெயில் ஏறினால் அது சுருங்கிவிடும்.

"இது தெரிஞ்ச பறவைதானே"

மடையானைத் தெரியாதவர் யார்? நீரோரத்தில் சேற்று நிறத்தில் குந்தியிருக்கும், பறந்தால் வெள்ளையாகும். இனப்பெருக்கக் காலத்தில் அதே பறவைக்கு முதுகு கருஞ்சிவப்பாகி, தலையில் நீண்ட இறகுகள் தொங்கும். ஒரு பருவம் முழுக்க அதை இரண்டு பறவைகளாக எழுதி வைத்தவள் நான்.

தலைக்கு மேல் ஆள்காட்டிப் பறவை வட்டமிட்டுக் கத்தினால்

முட்டை பக்கத்தில் இருக்கக்கூடும். தேடாதீர்கள். வெறுந்தரையில் கூழாங்கல் மாதிரி கிடக்கும் 4 முட்டைகள், காலடியிலேயே இருந்தாலும் கண்ணில் படாது. வெயிலில் அவற்றுக்கு நிழல் அந்தப் பறவையின் உடம்புதான். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்துகூட முட்டையைக் குளிர்விக்கும். நீங்கள் நிற்கும்வரை அது இறங்காது. ஒவ்வொரு அடியும் தரையைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பது

வேண்டாம். இல்லாத எதிரியைத் துரத்த அது இரையை விட்டுவிட்டு வருகிறது.

எருக்கைக் கிள்ளிய கை

கண்ணுக்குப் போகக் கூடாது.

"வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்"

எழுத மாட்டீர்கள். எழுதினாலும், பார்த்ததோடு நினைத்ததும் கலந்துவிடும். என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. "பழுப்புப் பருந்து, தாழப் பறந்தது, வால்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. யாரோ கூப்பிட்டிருப்பார்கள். கரும்பருந்துக்கு வால் பிளந்திருக்கும், செம்பருந்துக்கு உருண்டிருக்கும். செம்பருந்தின் குஞ்சு வளர்ந்து பறக்கும்போது கரும்பருந்தைப் போலப் பழுப்பாகவே இருப்பதால் வாலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். வாலைப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் தெரிகிறது.