பியர் டியூட்டர் ஆவது எப்படி? விண்ணப்பத்திலிருந்து முதல் செமஸ்டர் முடியும் வரை

ஒரு பாடத்தை ஏற்கெனவே படித்துத் தேறிய மாணவர், இப்போது அதைப் படித்துக்கொண்டிருக்கிற சக மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர் பியர் டியூட்டர். பியர் மென்ட்டர் பாடம் எடுப்பதில்லை. எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது, பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி, புது இடத்தில் ஒட்டாமல் தவித்தால் யாரைப் போய்ப் பார்ப்பது என்று பல்கலைக்கழக வாழ்க்கையையே பழக்கிவிடுகிறவர் அவர். இரண்டு வேலைக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பம் வாங்குகிற இடங்கள் உண்டு. ஆனால் வேண்டிய குணங்கள் வேறு. பாடத்தில் பிடிப்பு இருந்தால் டியூட்டர் வேலைக்கும், மனிதர்களோடு பொறுமையாக மாதக்கணக்கில் பேச முடியும் என்றால் மென்ட்டர் வேலைக்கும் போடுங்கள். முதல் வருடத்திலேயே இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல மார்க் வாங்கியவர் எல்லாரும் நல்ல டியூட்டர் ஆகிவிடுவதில்லை. முதல் வாசிப்பிலேயே பாடம் பிடிபட்டவருக்கு, மற்றவர் எந்த வரியில் தடுக்கி விழுகிறார் என்பது கண்ணில் படாது. நான்கு படிகளை ஒரே படியாகத் தாண்டிவிட்டு, “இது தெரிஞ்சதுதானே” என்பார். தட்டுத்தடுமாறிப் படித்துக் கடைசியில் பிடித்துக்கொண்டவரே இந்த வேலைக்கு ஏற்றவர். அதுவும் போன வருடம்தான் படித்தார் என்றால் இன்னும் நல்லது, எங்கே குழம்பினோம் என்பது அவருக்கு மறந்திருக்காது.

விண்ணப்பிப்பதற்கு முன்

கற்றல் மையம், எழுத்து மையம், துறை அலுவலகம், மாணவர் நலப் பிரிவு: இந்த நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் டியூட்டர் வேலை இருக்கும். அடுத்த செமஸ்டருக்கான ஆட்களை இந்த செமஸ்டர் முடிவதற்குள்ளேயே பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள் என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள். அப்படி ஒரு திட்டமே இல்லாத இடத்தில், நீங்கள் நன்றாகச் செய்த பாடத்தின் பேராசிரியரிடம் போய், வாரம் இரண்டு மணி நேரம் சந்தேகம் தீர்க்க உட்காரலாமா என்று கேளுங்கள். திட்டங்கள் பலவும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

பொதுவாகக் கேட்பவை: அந்தப் பாடத்தில் ஏ அல்லது பி கிரேடு, ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை, ஒரு பக்கக் கடிதம். பரிந்துரை கேட்கும்போது குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். கடிதத்தில் “எனக்குக் கற்பிப்பதில் ஆர்வம் அதிகம்” என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பாடத்தில் மாணவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள், அதை நீங்கள் எப்படித் தாண்டினீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒன்று அல்லது இரண்டு பாடங்களுக்கு மட்டும் பெயர் கொடுங்கள். ஐந்து பாடங்களுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு வாரமும் ஐந்து பாடங்களையும் புரட்ட வேண்டியிருக்கும். பெயர் கொடுக்கும் முன் ஒரு சோதனை: பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மூன்று பெரிய கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். இரண்டில் திணறினால் அந்தப் பாடத்தை இன்னொரு முறை ஓட்டிவிட்டு விண்ணப்பியுங்கள்.

நேர்காணல்

பல இடங்களில் ஒரு மாதிரி வகுப்பு நடத்தச் சொல்வார்கள். எதிரே இருப்பவர் மாணவராக நடிப்பார், வேண்டுமென்றே ஒரு தவறு செய்வார். அவர்கள் பார்ப்பது உங்கள் அறிவை அல்ல, பேனா யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். தவறைக் கண்டதும் பேனாவைப் பிடுங்கி மளமளவென்று விடையை எழுதிக்காட்டுகிறவர்களுக்கு வாய்ப்பு நழுவுவது இங்கேதான். மாணவரையே எழுத விடுங்கள், அவர் போட்ட முதல் படியிலிருந்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். “தெரியவில்லை என்று சொல்வேன், இருவருமாகப் புத்தகத்தில் தேடுவோம், அப்படியும் கிடைக்காவிட்டால் பேராசிரியரைக் கேட்டு இன்ன கிழமைக்குள் சொல்வேன்” என்பதே சரியான பதில். வேலையிலும் அப்படியே செய்யுங்கள். ஊகித்துச் சொன்ன தவறான விடையை மாணவர் தேர்வில் போய் எழுதுவார்.

தேர்வானதும் பயிற்சி இருக்கும். காலேஜ் ரீடிங் அண்ட் லேர்னிங் அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பு டியூட்டர் பயிற்சித் திட்டங்களுக்குச் சான்று வழங்குகிறது. அதன் முதல் நிலைக்கு வழக்கமாக 10 மணி நேரப் பயிற்சியும் 25 மணி நேரம் சொல்லிக்கொடுத்த அனுபவமும் கேட்கப்படும். உங்கள் பல்கலைக்கழகத் திட்டம் இந்தச் சான்று பெற்றதா என்று கேட்டுவையுங்கள், பின்னால் வேலை தேடும்போது காட்டலாம். பயிற்சியே தராத இடமாக இருந்தால், அனுபவமுள்ள டியூட்டர் ஒருவரின் இரண்டு மூன்று அமர்வுகளில் ஓரமாக உட்கார்ந்து கவனிக்க அனுமதி வாங்குங்கள்.

ஒரு மணி நேரம் எப்படிப் போக வேண்டும்

முதல் ஐந்து நிமிடம், இன்று எதை முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று மாணவரைச் சொல்ல வைப்பதற்கு. “எல்லாமே புரியலை” என்றுதான் தொடங்குவார். நோட்டைத் திறந்து, கடைசியாகப் புரிந்த பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த பத்து நிமிடம் அவர் ஒரு கணக்கைப் போட வேண்டும், நீங்கள் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிற டியூட்டர்தான், கேட்காத கேள்விக்கு முக்கால் மணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு அரை மணி நேரம் சிக்கல் இருக்கிற இடத்தில் வேலை. அதற்கடுத்த பத்து நிமிடம் எண்களை மாற்றிய புதுக் கணக்கு ஒன்று, உங்கள் உதவி இல்லாமல். கடைசி ஐந்து நிமிடம் அடுத்து என்ன செய்வது என்று குறித்துக்கொள்ள.

புள்ளியியலில் அடிக்கடி வருகிற ஒரு கேள்வியைப் பாருங்கள். 1,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் இருப்பவர்களில் 90% பேருக்குப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டும். நோய் இல்லாதவர்களிலும் 10% பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? மாணவர் 90% என்று எழுதுகிறார்.

சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, 8.3% என்று காட்டுவது இரண்டு நிமிட வேலை. மாணவர் தலையாட்டிவிட்டு அப்படியே எழுதிக்கொள்வார், தேர்வில் திரும்பவும் 90% என்பார். அவருடைய குழப்பம் சூத்திரத்தில் இல்லை, எந்தக் கூட்டத்தைப் பற்றிய சதவீதம் என்பதில் இருக்கிறது. ஆகவே கேள்வி இப்படிப் போக வேண்டும்:

“அந்த 90 சதவீதம், யாரில் 90 சதவீதம்?”
“நோய் இருக்கிறவங்கள்ல.”
“கேள்வி யாரைப் பத்திக் கேக்குது?”
கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பாசிட்டிவ் வந்தவங்களை.”
“அப்ப பாசிட்டிவ் வந்தவங்க மொத்தம் எத்தனை பேர்னு எழுதிப் பாக்கலாமா?”

அவர் 9 என்று எழுதுவார், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார். “மீதி 990 பேர்?” என்று மட்டும் கேளுங்கள். 99 வரும். மொத்தம் 108 பேருக்குப் பாசிட்டிவ், அதில் 9 பேருக்குத்தான் நோய். 8.3% என்பதை அவரே கண்டுபிடித்திருப்பார். உடனே எண்ணை மாற்றுங்கள்: 1,000 பேரில் 100 பேருக்கு நோய் இருந்தால்? இரண்டு பக்கமும் 90 வந்து, விடை 50% ஆகும். நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது விடையை எப்படிப் புரட்டிப்போடுகிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கும்.

விளக்கம் சொல்லாமல் கேள்வி கேட்டே சொல்லிக்கொடுக்கலாம் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. மிஷலின் சீயும் சக ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மனித இரத்த ஓட்டம் பற்றிச் சொல்லிக்கொடுத்த டியூட்டர்களை விளக்கம் சொல்லாமல் தூண்டிக் கேட்க மட்டும் செய்யச் சொன்னார்கள். வழக்கம்போல் விளக்கம் பெற்ற மாணவர்கள் கற்ற அளவுக்கு, இப்படித் தூண்டிக் கேட்கப்பட்ட மாணவர்களும் கற்றார்கள்.

கேள்வி கேட்டபின் பொறுத்திருப்பதுதான் புது டியூட்டருக்கு மிகவும் கடினம். வகுப்பறைகளைக் கவனித்த கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் எழுதினார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். கணக்குப் பாடத்தில் மூன்று விநாடி போதாது, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இன்னொன்று, “புரிஞ்சுதா?” என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “இதை எனக்குச் சொல்லிக்கொடுங்க” என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

எங்கே கெட்டுப்போகிறது

மார்க் உள்ள அசைன்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைத் தொடாதீர்கள். அதே வகையில் வேறு எண்கள் கொண்ட கணக்கு ஒன்றை எழுதி, அதை இருவருமாகப் போட்டு முடியுங்கள், அசைன்மென்ட்டை அவரே போடட்டும். விடையைச் சொல்லிவிட்டால் கல்வி நேர்மை விதிகளை மீறியதாக இருவர் மீதும் நடவடிக்கை வரக்கூடும். கட்டுரையாக இருந்தால் கீபோர்டில் கை வைக்கக் கூடாது. முதலில் கட்டுரை சொல்ல வரும் கருத்து, அடுத்து பத்திகளின் வரிசை, இலக்கணப் பிழை கடைசியில்தான். ஒரே பிழை பத்து இடத்தில் இருந்தால் முதல் இடத்தை மட்டும் காட்டி, மற்றதை அவரையே தேடச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் வருகிறவரிடம் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் அவர் நாளும் போச்சு, உங்கள் நேரமும் போச்சு. பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு தலைப்புகளை எடுத்து அவற்றை மட்டும் உறுதிப்படுத்துங்கள். வாராவாரம் வந்தும் சொந்தமாக ஒரு கணக்கையும் தொடாதவருக்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: வரும் முன் இரண்டு கேள்விகளையாவது முயன்று, தவறாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிக்கொண்டு வர வேண்டும். கொஞ்சம் கண்டிப்பாகத் தெரிந்தாலும் இது அவருக்குச் செய்கிற நன்மை.

பேராசிரியரைப் பற்றிக் குறை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், கூடச் சேர்ந்து நீங்களும் சொல்லாதீர்கள். ஒரு மாணவரின் மார்க்கையோ பலவீனத்தையோ இன்னொருவரிடம் பேசவே கூடாது. நூலகம், கற்றல் மையம் போன்ற பொது இடத்தில் மட்டும் உட்காருங்கள். திட்டத்தின் முன்பதிவு முறை இருக்கும்போது சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் நள்ளிரவிலும் கேள்வி வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தையோ, யாரோ தன்னைத் துன்புறுத்துவதையோ மாணவர் சொன்னால், பாடத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், ஆலோசனை மையத்துக்கு அவரோடு நடந்து போங்கள், அன்றே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவரைத் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. சிகிச்சை தருவது உங்கள் வேலை அல்ல, சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். மென்ட்டராக இருப்பவர்களுக்கு இது இன்னும் அடிக்கடி நேரும். ஆகவே ஆலோசனை மையத்தின் எண், உதவித்தொகைப் பிரிவு, மாற்றுத்திறனாளி மாணவர் சேவை ஆகியவற்றின் விவரம் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கட்டும்.

குழுவாக நடத்தினால்

1973-இல் அமெரிக்காவின் மிசௌரி-கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன் (துணைக் கற்பித்தல்) என்ற குழு முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. தோற்கிற மாணவர் யார் என்று தேடாமல், அதிகம் பேர் தோற்கிற பாடம் எது என்று தேடுவது அதன் சிறப்பு. அதனால் போகிறவர் யாருக்கும் மட்டம் என்ற முத்திரை விழுவதில்லை. இதில் வழிநடத்தும் மாணவர், முன்பே படித்த அதே வகுப்பில் மறுபடியும் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பிறகு வாரம் சில முறை குழுவைக் கூட்ட வேண்டும். இங்கே மீண்டும் ஒரு விரிவுரை நடத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. கரும்பலகைக்கு அருகில் நீங்கள் நிற்காதீர்கள், இருவர் இருவராகப் பிரித்து வேலை கொடுங்கள். ஒருவர் உங்களைக் கேட்டால், அந்தக் கேள்வியைக் குழுவில் இன்னொருவரிடம் திருப்பிவிடுங்கள்.

முதல் செமஸ்டரில் வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். தொடக்கத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை மணி நேரத் தயாரிப்பு தேவைப்படும். கூட்டம் முட்டி மோதுகிற தேர்வு வாரங்கள் உங்களுக்கும் தேர்வு வாரங்கள்தான். அந்த வாரங்களில் எத்தனை மணி நேரம் வர முடியும் என்பதை செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் மூன்று வரி குறித்துவையுங்கள்: எந்தத் தலைப்பு, எந்த இடத்தில் சிக்கல், எந்தக் கேள்வி கேட்டபோது திறந்தது. மாணவரின் பெயரை நீக்கிவிட்டு, செமஸ்டர் கடைசியில் இந்தக் குறிப்புகளை மேற்பார்வையாளரிடம் கொடுங்கள், அடுத்த முறை அந்தப் பாடத்துக்கு வருகிற டியூட்டர் முதல் வாரத்திலேயே அதிலிருந்து தொடங்கலாம்.