கனவுப் படகைப் புத்தகத்தில் தேடுகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு டீக்கடையில் இரண்டு தம்பிகளைப் பார்த்தேன். ஒருவர் பரமக்குடிக்காரர், இன்னொருவருக்கு மதுரை. மேசை மேல் செங்கல் கனத்தில் ஒரு படகு வடிவமைப்புப் புத்தகம் கிடந்தது. நடுவில் ஒரு பக்கத்துக்குப் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தார்கள். "அண்ணே, இதைத்தான் கட்டப் போறோம்" என்று விரித்துக் காட்டினார்கள். முன்னால் கூரிய அணியம், உயர்ந்த பாய்மரம், அடியில் கத்தி மாதிரி இறங்கும் ஏரா. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2009-ல் நான் ஆசைப்பட்டதும் இதே ரகம்தான்.

லைஃப் ஜாக்கெட் போடுங்கள், காற்று பார்த்துக் கிளம்புங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். புத்தகத்தை ஒழுங்காகப் படித்தும் சறுக்குகிற இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

படகைப் படித்துவிட்டு, அதன் கடலைப் படிக்காமல் விடுவது

ஹோவர்ட் சாப்பெல் என்ற அமெரிக்கர் 1951-ல் வெளியிட்ட 'அமெரிக்கன் ஸ்மால் செய்லிங் கிராஃப்ட்' படகுப் பைத்தியங்களுக்கு வேதம் மாதிரி. வழக்கொழிந்துகொண்டிருந்த சின்னப் பாய்ப்படகுகளைத் தேடிப் பிடித்து, கோடு கோடாக வரைந்து வைத்த புத்தகம். அதில் என்னைக் கவிழ்த்தது பிரண்ட்ஷிப் ஸ்லூப் என்ற ஒற்றைப் பாய்மரப் படகு. பிரண்ட்ஷிப் என்பது அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு ஊர். அந்தக் கரையில் சிங்கி இறால் பிடித்தவர்களின் படகு அது. அந்த வரைபடத்தைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. 22 அடி நீளத்தில் கட்டுவது என்று முடிவு செய்தேன். நீர்மட்டத்துக்குக் கீழே நாலேகால் அடி இறங்கும். அந்த எண்ணை ஒரு தடவை படித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

தேவிபட்டினம் பக்கம் ஒரு கொட்டகையில் வேலை தொடங்கியது. படகு கட்டும் ஓடாவி அறுபதைத் தாண்டியவர், நம்மூர்ப் படகுகளான வல்லமும் வத்தையும் கட்டிக் கை காய்த்தவர். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இது எங்க நிக்கும்?"

படகு சாயுமா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடியில் 400 கிலோ ஈயம் போகிறது, சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துவிடும் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் "சரி" என்று உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது, கட்டி முடித்த பிறகு இதை எந்தத் தண்ணீரில் நிறுத்துவாய் என்று. இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாமே என்று அவர் மேல் கொஞ்ச நாள் கோபம்கூட இருந்தது. அநியாயமான கோபம்தான்.

நம் வடகடல் (பாக் விரிகுடா) எப்படிப்பட்டது என்று தேவிபட்டினம் போனவர்களுக்குத் தெரியும். நவபாஷாணக் கற்கள் கடலுக்குள்ளேதான் நிற்கின்றன. ஆட்கள் தண்ணீரில் இறங்கி நடந்தே சுற்றி வருகிறார்கள். அந்தக் கரையில்தான் நான் நாலேகால் அடி ஏராவை இறக்கினேன். உருளை வைத்து இருபது பேர் தள்ளினார்கள். இடுப்பளவு தண்ணீர் வந்தது. படகு மிதக்கவில்லை. ஏரா மணலில் குத்தி, மாடு படுக்கிற மாதிரி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியில் இரண்டு வல்லத்தில் கயிறு கட்டி இழுத்து, கரையில் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் மிதக்க வைத்தோம். அன்றிலிருந்து என் கனவுப் படகுக்குப் போக எனக்கு ஒரு தெர்மாகோல் மிதவை வேண்டியிருந்தது.

இதுவரை பணத்துக்குப் பெரிய சேதம் இல்லை, மானம்தான் போயிருந்தது. அப்புறம்தான் கடல்மட்டம் ஏறி இறங்கும் ஏற்ற வற்றம் தன் கணக்கைக் காட்டியது. மெயின் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒன்பது அடி வித்தியாசம் சர்வசாதாரணம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் 14 மீட்டரை நெருங்கும் நாட்கள் உண்டு. அந்த ஊர்களில் படகைத் துறைச் சுவரில் சாய்த்துக் கட்டுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த ஏற்றத்தில் படகு தானே மிதந்துவிடும். புத்தகங்கள் இதை விளக்கிச் சொல்வதுகூட இல்லை. எழுதியவருக்கு அது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது மாதிரி.

நம் பக்கம் இரண்டடி வித்தியாசம் வந்தாலே அதிகம். தரை தட்டினால் ஏற்றம் வந்து தூக்கிவிடாது. அடியைச் சுரண்டலாம் என்றால் வற்றமும் அந்த அளவுக்கு வடியாது. வெதுவெதுப்பான கடல், வருஷம் முழுக்க அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு, மரத்தைத் துளைக்கும் புழு. வல்லக்காரர் படகை மணலில் ஏற்றிக் காயப்போட்டு எண்ணெய் பூசுகிறார். கரையேறுவதற்கென்றே வடித்த அடிப்பாகம் அது. என் படகைக் கரையேற்றக் கிரேன் வேண்டும். கிரேன் நிற்கக் கெட்டித் தரை வேண்டும். அது எங்கே இருக்கிறது?

கார்த்திகையில் வாடை பிடித்தது. அலை தாழும்போதெல்லாம் ஏரா தரையில் இடித்தது. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் என் காதில் கேட்பது போலவே இருக்கும். ஏராவை ஒட்டிய பலகைகளின் இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே வந்தது. இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தோம், மறு வருஷம் திரும்ப அடித்தோம். மூன்றாம் வருஷம் விற்றுவிட்டேன். மொத்தம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போட்ட படகு. ஈயத்தை எடைக்குப் போட்டதில் கையில் வந்ததுதான் மிச்சம்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்காத விஷயம் ஒன்று உண்டு. அதே புத்தகத்தில் ஷார்ப்பி இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் பக்கம் ஆளிச்சிப்பி எடுக்கக் கட்டிய தட்டை அடிப் படகு. மேலே தூக்கிக்கொள்ளும் நடுப்பலகை, முழங்கால் தண்ணீரே போதும். ஏழைக் கைக்கும் எளிய மரத்துக்கும் ஏற்ற கட்டுமானம். 'பெட்டி மாதிரி இருக்கு' என்று அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனவன் நான். தட்டை அடி நம் வடகடலின் குட்டை அலையில் டப் டப்பென்று அறையும், பல் ஆடும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அது என் வீட்டு வாசல்வரை வந்திருக்கும்.

ஆகவே புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு மூங்கில் கம்பில் அரையடிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். படகை நிறுத்தப் போகும் இடத்தில், வற்ற நேரத்தில் இறங்கி நடந்து அளந்து எழுதி வையுங்கள். ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஆழம் சீக்கிரம் வரும். அங்கே பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கெங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்க வேண்டும். கையில் எண் வந்த பிறகு, அதற்குள் மிதக்கும் படகுகளை மட்டும் பார்த்து ஆசைப்படுங்கள்.

அட்டவணையைத் தப்பாகப் படிப்பது

பழைய வரைபடங்களோடு வரும் அளவு அட்டவணையில் 2-3-5 என்று இருந்தால் 2 அடி, 3 அங்குலம், அதோடு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு என்று அர்த்தம். பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் பதினாறில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். 3-5 என்பதை மூன்றரை அங்குலம் என்று நான் குறித்த இடங்களில் பலகை பாம்பு மாதிரி நெளிந்தது.

இன்னொன்று. கோடுகள் பலகையின் வெளிப்பக்கத்துக்கா, உட்பக்கத்துக்கா என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வெளிப்பக்கம் என்றால் வங்கின் (பலகைகளைத் தாங்கும் விலா மாதிரிச் சட்டம்) அளவில் பலகைக் கனத்தைக் கழிக்க வேண்டும். முக்கால் அங்குலப் பலகைக்குக் கழிக்க மறந்தால் படகு ஒன்றரை அங்குலம் அகன்றுவிடும். இதற்காகத்தான் முழு அளவில் தரையில் வரைந்து பார்க்கச் சொல்கிறார்கள். கல்யாண மண்டபம் காலியாக இருக்கும் நாளில் கேட்டுப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

"கொஞ்சம் பெரிசாக் கட்டிக்கலாம்"

20 அடிப் படகை எல்லாப் பக்கமும் இழுத்து 24 அடி ஆக்கினால் பாய் 44 சதவீதம் கூடும். எடையோ 73 சதவீதம் கூடும். மரச் செலவும் எடையோடுதான் ஓடும், நீளத்தோடு அல்ல. இளங்காற்றில் படகு நகராது. 24 அடி வேண்டுமென்றால் 24 அடிக்கு வரைந்த படகைத் தேடுங்கள்.

மரத்தை மாற்றும்போது

புத்தகம் சொல்லும் வெள்ளை சீடர் லேசான மரம். நாம் போடும் அயினி அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். வரைந்த நீர்மட்டக் கோடு அப்போதே தண்ணீருக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளைவுட்

கடல் வேலைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை இல்லையா, வேண்டாம்.

தீவில் இறங்கிச் சமைத்துச் சாப்பிடும் கனவு

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. இஷ்டத்துக்கு இறங்க முடியாது.

நம் படகைப் புத்தகத்தில் தேடாமல் விடுவது

அலமாரி முழுக்க அமெரிக்கா, இங்கிலாந்து என்று வைத்திருக்கும் ஆட்களிடம் ஜேம்ஸ் ஹார்னெல் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1920-லேயே இந்தியப் படகு வடிவங்கள் பற்றி நீண்ட ஆய்வு ஒன்றை எழுதி வைத்துவிட்டார். சென்னையில் 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் அறிக்கைகளும் உண்டு. அலையைத் தாண்டிக் கரையேறும் படகுகளை எப்படி வடிவமைத்தார்கள் என்பதை அவற்றில் காணலாம். பார்க்க அழகான புத்தகங்கள் இல்லை. டிக்கெட்டை அடையாளம் வைக்கத் தோன்றாது.

அந்தத் தம்பிகளைத் தொண்டிப் பக்கம் போய் ஒரு பழைய வத்தையை அளந்து வரச் சொன்னேன். குறுக்கே வெளியே நீளும் பலகையில் ஆட்கள் காற்றுப் பக்கம் போய் உட்கார்ந்து படகை நிமிர்த்துகிற ஏற்பாட்டைப் பார்த்தால் 400 கிலோ ஈயம் தேவையே இல்லை என்று புரியும். போகும்போது டேப், நோட்டு, அந்த மூங்கில் கம்பு எடுத்துப் போங்கள், முதலில் படகுக்காரரிடம் கேளுங்கள், செருப்பைக் கழற்றாமல் ஏறிவிடாதீர்கள் என்றேன்.